பேரன் பேத்தி எடுத்த பிறகு ஓர் ஊழியம்

"ரிடையர் ஆனதும் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று நம் பக்கத்துத் தம்பதிகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "காசி, ராமேசுவரம் போய்விட்டு வரணும். அப்புறம் என்ன, பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்" என்பார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு புருஷனும் மனைவியும், நாலு பிள்ளைகளையும் பதினோரு பேரக் குழந்தைகளையும் விட்டுவிட்டு, சொந்தக் கைக்காசைச் செலவழித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு தேசத்தில் ஒன்றரை வருஷம் வேலை செய்யக் கிளம்புகிறார்கள் என்றால் நமக்கு ஆச்சரியமாகத்தானே இருக்கும்? அப்படிக் கிளம்பிய ஒரு தம்பதியை ஐந்து மாத காலம் பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

2022 ஆகஸ்டில் என் தங்கையின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் உள்ள யூட்டா மாநிலத்துக்குப் போயிருந்தேன். அம்மா இல்லாத வீட்டில் மூத்தவள்தானே தாய்! பெருங்காயம், பூண்டு, பிரசவ மருந்துப் பொடி எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய் இறங்கினேன். தங்கை இருப்பது ஓரெம் என்ற ஊர். கிழக்கே பார்த்தால் மலை, சுற்றிலும் பீச் பழத் தோட்டங்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போன மறுநாளே அந்த அம்மாள் ஒரு கூடை பீச் பழத்தோடு வந்து நின்றார். நான் ஃபில்டர் காப்பி கலந்து நீட்டினேன். "மன்னிக்கணும், நாங்கள் காப்பி, டீ சாப்பிடுவதில்லை" என்றார். நம் டிகிரி காப்பியை வேண்டாம் என்ற முதல் மனுஷியை அன்றுதான் பார்த்தேன். பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தேன். ரசித்துக் குடித்தார். சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

யார் இவர்கள்?

யூட்டாவில் நிறையப் பேர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'யைச் சேர்ந்தவர்கள். மார்மன்கள் என்று வெளியார் சொல்வார்கள். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை. போன இடமெல்லாம் எதிர்ப்பு வரவே, 1847-ல் பிரிகம் யங் என்பவர் தலைமையில் மாட்டு வண்டிகளில் இந்த மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சால்ட் லேக் சிட்டிதான் இவர்களுக்குத் தலைமையகம். காப்பி, டீ, மது, புகையிலை கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்கென்று கொடுத்து விடுகிறார்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்கும் நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். மிச்சம் பிடித்த அரிசியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம் மட்டும் நமக்குப் புதிது!

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப் பட்டையுடன் இரண்டிரண்டு பேராகப் போகும் இளைஞர்களைச் சில ஊர்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். பையன்கள் இரண்டு வருஷம், பெண்கள் ஒன்றரை வருஷம் ஊழியத்துக்குப் போகிறார்கள். பலருக்குத் தெரியாத விஷயம், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட வயதான தம்பதிகளும் போகிறார்கள் என்பது. ஆறு மாதம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், இருபத்து மூன்று மாதம் என்று அவரவர் சௌகரியப்படி காலம் உண்டு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட தனிப் பெண்களும், கணவரை இழந்தவர்களும்கூடப் போகலாம்.

நம் நாட்டிலும் இதற்குச் சம்பந்தம் இருக்கிறது. 1978 டிசம்பரில் சமோவா தீவில் குடியிருந்த எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு என்ற இந்தியத் தம்பதி இப்படித்தான் ஊழியத்துக்கென்று ஹைதராபாத்துக்கு, தங்கள் உறவினர்களிடையே அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

"வீடு வீடாகப் போய் மதம் மாற்றுகிற வேலைதானே?" என்று நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பழகக்கூடாது பாருங்கள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இளம் பிள்ளைகள் அதைச் செய்வார்கள். எங்களைப் போன்ற பெரியவர்களுக்குக் கதவு தட்டுகிற வேலை கிடையாது. அலுவலகக் கணக்கு, பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்துப் பாதுகாப்பது, சக்கர நாற்காலி, குடிதண்ணீர் போன்ற உதவித் திட்டங்கள், கோவில் பணி, இப்படி ஏதாவது கொடுப்பார்கள். ஆனால் யாராவது கேட்டால் என் நம்பிக்கையைச் சொல்வேன். அதை மறைக்க மாட்டேன்" என்றார். எனக்கு என் முருகன் போதும். அதை நானும் சொன்னேன். "ரொம்ப நல்லது" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை.

மனுப் போடுவதற்கு முன்னால்...

இவர்கள் 2020-லேயே கிளம்புவதாக இருந்தார்களாம். கொரோனா வந்தது. வெளிநாடுகளில் ஊழியத்தில் இருந்த வயதானவர்களே ஊருக்குத் திரும்பும்படி ஆயிற்று. அதனால் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நான் போயிருந்தபோது மறுபடி மனுவை எடுத்திருந்தார்கள்.

இந்தியாவில் நாம் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பரிசோதனை செய்துகொள்வதில்லை! டாக்டரிடம் முழு உடல் பரிசோதனை, பல் டாக்டரிடம் தனி. அவருக்குச் சர்க்கரை, இந்த அம்மாளுக்கு முழங்கால் வலி, ரத்த அழுத்தம். எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும், எங்கே அனுப்புவது என்பதே அதைப் பொறுத்துத்தான் என்றார். பிறகு உள்ளூர் சபைத் தலைவரிடம் பேட்டி. 'பிஷப்' என்கிறார்கள். ஆனால் அவர் சம்பளம் வாங்கும் பாதிரியார் இல்லை, ஆபீஸுக்குப் போய்க்கொண்டே சபையையும் கவனிக்கும் ஒரு குடும்பஸ்தர்.

அந்தப் பேட்டியில் கணவரையும் மனைவியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். இதைக் கேட்டதும் எனக்கு மனசு நின்றுவிட்டது. "உங்களுக்கு விருப்பம்தானா?" என்று மனைவியைத் தனியாக ஒருவர் கேட்கிறார்! நம்மில் எத்தனை பேரை, ஊர் மாறும்போதும் வீடு விற்கும்போதும் அப்படி யாராவது கேட்டிருக்கிறார்கள்?

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"பயமாக இருக்கிறது, ஆனால் விருப்பம்தான் என்றேன்" என்றார்.

மூன்று பயங்கள்

பழக்கம் நன்றாக வளர்ந்த பிறகு, ஒரு நாள் பீச் பழங்களைத் தோலுரித்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக்கொண்டே (அந்த ஊரில் வருஷத்துக்கு வேண்டியதை இப்படிச் சேமித்து வைப்பது நாம் வடாம், ஊறுகாய் போடுகிற மாதிரி) தன் பயங்களைச் சொன்னார்.

முதலாவது, கடைசிப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். பிப்ரவரியில் பிரசவம். "என் பெண் என்னைப் போ என்றுதான் சொல்கிறாள். ஆனால் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுகிறாள்" என்றார். தங்கைக்குப் பத்தியம் சமைத்துப் போட ஏழு கடல் தாண்டி வந்திருந்த எனக்கு, இதைக் கேட்டு வயிற்றைப் பிசைந்தது. "பிரசவம் ஆனபிறகு போகக் கூடாதா?" என்றேன். "பதினோரு பேரக் குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். காத்திருந்தால் முழங்கால் காத்திருக்காது" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, எண்பத்தொன்பது வயதான தாயார். தம்பி வீட்டில் இருந்தார். அந்தப் பாட்டி நினைவு தெளிவாகவே மகளிடம், "நீ இங்கே உட்கார்ந்திருந்தால் நான் சாகாமல் இருக்கப் போகிறேனா?" என்று கேட்டாராம். சொல்லும்போது சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமான குடும்ப விஷயம் என்றால் சொந்தச் செலவில் சில நாட்கள் வந்து போக, வயதான தம்பதிகளுக்கு அனுமதி உண்டு. இந்தச் சலுகை 2011-ல் வந்தது. ஆனாலும் விமானம் நினைத்த நேரத்துக்குக் கிடைத்துவிடுமா?

மூன்றாவதைச் சொல்லத்தான் ரொம்பத் தயங்கினார். "இவரோடு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அறையில், ஒரே வேலையில்... முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் அப்படி இருந்ததே இல்லை." நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரிடையர் ஆன புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு, "பருப்பு ஏன் இவ்வளவு நேரம் வேகிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

இதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருக்கும் வெளியில் வேலை இருக்கும்போது இவர் மட்டும் வந்து சமைப்பது எப்படி? கணக்கு வாத்தியார் சமையல் பாடம் படித்தார்! சூப், ஓவனில் வேகவைக்கும் கோழி, சாதம் என்று மூன்று ஐட்டம். சாதம் வடிக்க மட்டும் நான் குரு. முதல் நாள் குழைத்துக் கூழாக்கினார். நாலாம் நாள் மல்லிகைப் பூ மாதிரி உதிர்ந்தது. துணி துவைப்பதும் அவர் பங்குக்கு வந்தது.

கடிதம் வந்தது

அக்டோபரில் அழைப்பு வந்தது. முன்பெல்லாம் பெரிய வெள்ளைக் கவரில் தபாலில் வருமாம். 2018-லிருந்து கம்ப்யூட்டரிலேயே வருகிறது. எந்த மாதிரி வேலை, எந்தப் பக்கம் என்று விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் முடிவு தலைமையகத்தினுடையது. பிள்ளை, மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் கூடியிருக்க, எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மூத்த பேத்தி சத்தமாக வாசித்தாள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசம், அக்ரா நகரம். பதினெட்டு மாதம். அலுவலக வேலையும், இளம் ஊழியர்கள் தங்கும் வீடுகளைக் கவனிக்கும் பொறுப்பும்.

கைதட்டல், கூச்சல். அந்த அம்மாள் மட்டும் கடைசிப் பெண் இருந்த பக்கம் பார்த்தார். அவள் எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

செலவைப் பற்றிக் கேட்டேன், குடும்பப் பெண்களுக்கு அதுதானே முதலில் தோன்றும். சம்பளம் கிடையாது. சாப்பாடு, வாடகை எல்லாம் தங்கள் சேமிப்பிலிருந்தே. வாடகைக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு. மாதம் 1,400 டாலருக்கு மேல் போனால் மிச்சத்தைச் சபை ஏற்கும் என்று 2011-ல் ஏற்பாடு செய்தார்கள். இவர்கள் கோடையில் ஊர் சுற்ற வைத்திருந்த பெரிய வண்டியை விற்றுவிட்டார்கள். அங்கே முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீடு பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. அதனால் தனிக் காப்பீடு எடுத்தார்கள்.

வெயில் தேசத்துக் குடித்தனம்

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அதோடு மலேரியாவுக்கு மாத்திரை. தடுப்பூசி பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் மூச்சுவிட்டார். "கடவுள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, கரப்பான் பூச்சி மேல்தான் பயம்" என்றார்.

அங்கேதான், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் வாத்தியார் ஆனேன்! யூட்டா காற்று அப்பளம் மாதிரி வறண்ட காற்று. அக்ராவோ கடற்கரைப் பட்டணம், சென்னை மாதிரிப் புழுக்கம். தங்கை மொழிபெயர்க்க, நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசியைப் போட்டு வைத்தால் நீர்த்துப் போகாது. அரிசி, மாவு வகைகளைக் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடி வைக்க வேண்டும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் படுக்க வேண்டும், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் முழுக்கை உடை நல்லது. பாலியஸ்டர் வேண்டாம், பருத்திதான். பூத்தொட்டி, தேங்காய் ஓடு எதிலும் தண்ணீர் தேங்க விடக்கூடாது. மிச்சமான சாதத்தை வெளியில் வைத்து மறுநாள் சாப்பிடக்கூடாது.

கானாவில் வெண்டைக்காய்க் குழம்பு உண்டு என்று அவர் படித்திருந்தார். "கொழகொழவென்று இருக்குமாமே?" என்றார். நன்றாகத் துடைத்து, பெரிய துண்டாக நறுக்கி, எண்ணெயில் வதக்கி, சொட்டுப் புளித் தண்ணீர் விட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொண்டார்.

வீட்டைப் பூட்டுவது

டிசம்பர் முழுவதும் மூட்டை முடிச்சுதான். கல்லூரிக்குப் போகும் பேரன் ஒருவன் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பனிக் காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணவர் எழுதிச் சுவரில் ஒட்டினார். உயில், பாங்க் கணக்கு, பிள்ளைக்குப் பவர் பத்திரம் எல்லாம் முடிந்தது. அடைத்து வைத்த பீச் ஜாடிகளைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டபோது எங்களுக்கும் ஆறு ஜாடி வந்தது.

ஒவ்வொரு பேரக் குழந்தைக்கும், தான் இல்லாத நாட்களில் வரும் பிறந்த நாளுக்கென்று கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கவரில் போட்டுத் தேதி குறித்தார் அந்த அம்மாள். இன்னும் பிறக்காத குழந்தைக்கும் ஒன்று! ஒரு சின்னக் கம்பளிப் போர்வை பின்னி, அந்தக் கவரையும் அதற்குள் வைத்து, கடைசிப் பெண்ணிடம் கொடுத்தார்.

2023 ஜனவரியில், பக்கத்து ஊரான புரோவோவில் உள்ள ஊழியப் பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள். இளைஞர்கள் வாரக்கணக்கில் தங்கிப் பாஷை படிக்கும் இடம் அது. வயதானவர்களுக்குச் சுமார் ஒரு வாரம்தான். நான் ஊர் திரும்பும் முன்பே அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

பிறகு நடந்தது

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. பாட்டி அக்ராவிலிருந்து வீடியோ ஃபோனில் பார்த்தார். செப்டம்பரில் அந்த எண்பத்தொன்பது வயதுத் தாயார் காலமானார். இவர் பறந்து வந்து அடக்கத்தில் கலந்துகொண்டார். உயிரோடு பார்க்க முடியவில்லை. "வந்ததைவிட, அம்மா இல்லாத வீட்டிலிருந்து மறுபடி விமானம் ஏறியதுதான் கஷ்டம்" என்று என் தங்கையிடம் சொன்னாராம். ஆனால் ஏறினார். 2024 கோடையில் காலம் முடிந்து இருவரும் திரும்பினார்கள். உப்பு ஜாடியில் அரிசி போடும் பழக்கம், வறண்ட யூட்டாவிலும் விடவில்லை என்று தங்கை சொல்லிச் சிரிக்கிறாள்!

அவர் செய்தது சரியா? தாயாரை விட்டுப் போகலாமா? நான் போயிருப்பேனா என்றால், மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. நம் பக்கத்தில் வயதான பிறகு அப்பா ஒரு பிள்ளை வீட்டில், அம்மா இன்னொரு பிள்ளை வீட்டில் என்று பிரித்து வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். அம்மாவை அழைத்துக்கொண்டுபோய்க் குழந்தை பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், அப்பா ஊரில் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு வாழ்க்கை பாக்கி இருக்கிறது என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. வானப்பிரஸ்தம் என்று நம் பெரியவர்கள் சொன்னதிலும், பேரன் முகம் பார்த்த பிறகு மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போகலாம் என்றுதானே இருக்கிறது?

கானாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் துணையில்லாத நோயாளிக்கு மனுப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். கோவில் அன்னதானத்தில் காய் நறுக்கலாம். தம்பதியாகச் சேர்ந்து செய்வதுதான் விசேஷம்.

நீண்ட நாள் வெளியூர் போகும் தம்பதிகளுக்கு

பிள்ளை வீட்டுக்கோ, யாத்திரைக்கோ, சேவைக்கோ மாதக்கணக்கில் கிளம்புகிறவர்களுக்கு, அந்த அம்மாளிடம் நான் கற்றுக்கொண்ட சில யோசனைகள்:

1. கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே உடல், பல், கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பல்வலி வெளியூரில் வந்தால் செலவும் அவஸ்தையும் அதிகம்.

2. தினசரி மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். கடைக்கவரோடு, டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

3. மருந்தின் கம்பெனிப் பெயரோடு, மருந்துப் பெயரையும் எழுதி வையுங்கள். ஊருக்கு ஊர் கம்பெனிப் பெயர் மாறும்.

4. காப்பீடு போகும் ஊரில் செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

5. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிர்வாழ் சான்று எப்போது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று முன்பே விசாரியுங்கள்.

6. பாங்க், வீட்டுப் பத்திரம், நாமினி விவரங்கள் கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மனைவியும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

7. சமையலறையில் மிச்சம் வைக்காதீர்கள். காஸை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்து, சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள்.

8. கணவருக்குச் சாதம் வடிக்கவும் ஒரு ரசம் வைக்கவும் கற்றுக் கொடுங்கள். ஊருக்குப் போகாவிட்டாலும் இது உதவும்!

9. முக்கியமாக, கிளம்பும் முன் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: "உனக்கு நிஜமாகவே விருப்பம்தானா?" பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.